தாய்வான் சாக்சபோனும் வித்துவான்களின் செவியும்

ஒரு வாத்தியத்தின் நாதத்தைக் கேட்குமுன் அதன் மேனியிற் பொறித்திருக்கும் ஊர்ப்பெயரைப் படித்துவிடும் வழக்கம் தேர்ந்த வித்துவான்களிடையேயும் உண்டு. பாமர இரசிகன் இவ்விஷயத்தில் பாக்கியசாலி. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறான். கையிலெடுத்து ஊதுபவனுக்கோ கண்ணும் காதும் ஒருங்கே தொழிற்படுகின்றன. சில வேளைகளிற் கண்ணே காதின் வேலையையும் ஏற்றுக்கொள்கிறது. மேனாட்டு ஊதுவாத்தியமாகிய சாக்சபோன் விஷயத்தில் இந்தக் குறை எத்துணை ஆழமாக வேரோடியிருந்தது என்பதையும், அது எங்ஙனம் சிறிது சிறிதாகக் கழன்றது என்பதையும் தாய்வான் தீவிலே செய்யப்பட்ட வாத்தியங்களின் கதை நன்கு காட்டும். அக்கதையைச் சொல்லப் புகுமுன் ஒன்றைக் கூறிவிடுகிறேன். என் வீட்டில் இருப்பதும் ஒரு தாய்வான் சாக்சபோனே. ஆகவே நடுநிலையாளன்போல நான் நடிக்கப் போவதில்லை.

சாக்சபோனை நம்மவர்க்கு அதிகம் அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. நாகசுர வித்துவான் ஒருவரின் மைந்தராகிய கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை வாத்தியக் கோஷ்டியில் அதன் ஒலியைக் கேட்டு மயங்கி, கமகங்களுக்கு எளிதில் வளைந்து கொடாத அவ்வாத்தியத்தைக் கர்நாடக இசைக்கு வசப்படுத்தினார். 1994ஆம் ஆண்டில் இலண்டன் புரொம்ஸ் இசைவிழா மேடையிலும் அவர் வாசித்தார். அதே ஆண்டில் வெளிவந்த ‘டூயட்’ திரைப்படத்தினூடாக அவருடைய நாதம் கச்சேரிப் பக்கம் தலைகாட்டாதவர்களின் வீடுகளுக்குள்ளும் புகுந்தது. 2019இல் அவர் மறைந்தபோது நம் பத்திரிகைகள் எல்லாம் அவரை நினைவுகூர்ந்தன. ஆயினும் இத்தனை ஆண்டுகளில், பொன்போல் மின்னும் அந்தப் பித்தளைக் குழாயை யார், எந்த ஊரில், எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

வாத்தியத்தைப் படைத்தவர் பெல்ஜியத்தின் டினான் நகரில் 1814இற் பிறந்த அடோல்ப் சாக்ஸ் என்பவர். 1846இல் அவர் பாரிஸ் நகரிலே அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். அதன் உடல் பித்தளை. ஊதுவாயிலோ நாணற் சீவாளி. நாகசுரத்தின் சீவாளி இரட்டை, இதனுடையது ஒற்றை. கூம்பாகச் செல்லும் குழல் கீழே வளைந்து, அணசுபோல விரிந்து மேனோக்கி நிற்கும். நாகசுரக்காரர் துளையை விரலால் நேரே மூடுவார். சாக்சபோனின் துளைகளிற் சில விரலால் மூட முடியாத அளவு அகன்றவை. சில விரல் எட்டாத தூரத்தில் உள்ளவை. ஆகவே ஒவ்வொரு துளைக்கும் தோல்மெத்தை பதித்த ஒரு மூடி. மூடியை இயக்கச் சாவி. சாவியைத் தாங்கத் தண்டு. அதை மீளச் செய்ய ஊசிபோன்ற வில்கம்பி. இவ்வாறு முந்நூறுக்கு மேற்பட்ட உறுப்புகள் ஒரு வாத்தியத்திலே கூடி வேலை செய்கின்றன. இவற்றுள் ஒரு மூடி மயிரிழை அளவு சரிந்து அமர்ந்தாலும் காற்றுக் கசியும்; கசிந்தால் கீழ்ஸ்தாயி சுரங்கள் பேசமாட்டா; பேசினாலும் கரகரக்கும். பித்தளை எந்த நாட்டிலும் பித்தளையே. மூடி துளையின்மேல் எவ்வளவு நேர்த்தியாக அமர்கிறது, துளை குழலில் எவ்விடத்தில் எவ்வளவு அகலத்தில் இருக்கிறது என்ற இரண்டிலேதான் நல்ல வாத்தியமும் தீய வாத்தியமும் பிரிகின்றன.

சாக்ஸின் ஆக்கவுரிமை 1866இல் முடிவடைந்தது. பின்னர் பிறரும் செய்யத் தொடங்கினர். 1880களின் இறுதியில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள எல்கார்ட் என்னும் சிறுநகரில் கொன் நிறுவனத்தார் இத்தொழிலை ஆரம்பித்தனர். 1920களில் அந்நாட்டைச் சாக்சபோன் மோகம் பிடித்தபோது எல்கார்ட்டின் பட்டறைகள் பெருகின. அக்காலத்திலேயே ஒரு வழக்கமும் உண்டாயிற்று. பெரிய நிறுவனங்கள், கடைக்காரர் கேட்ட பெயரை வாத்தியத்திற் பொறித்துக் கொடுக்கும். செய்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருடையது. இந்த வழக்கத்தை வாசகர் நினைவில் வைத்திருக்கும்படி வேண்டுகிறேன்; தாய்வானுக்கு வரும்போது மீண்டும் இதைச் சந்திப்போம்.

பாரிஸில் செல்மர் நிறுவனம் 1954இல் ‘மார்க் 6’ என்னும் மாதிரியை வெளியிட்டது. ஜாஸ் இசையின் பெருங்கலைஞர் பலர் அதைக் கையிலெடுத்தனர். 1970களின் நடுப்பகுதியில் ஆல்ட்டோ, டெனர் வகைகளில் அம்மாதிரி நிறுத்தப்பட்டது. அன்றுதொட்டு அதன் புகழ் வளர்ந்தபடியே இருக்கிறது. நிறுத்தப்பட்ட பொருளுக்குப் புராணம் பிறப்பது உலகியல்பு. மார்க் 6 வாத்தியத்தின் பித்தளை, யுத்த காலத்துப் பீரங்கிக் குண்டுக் கூடுகளை உருக்கி எடுத்தது என்றும், அதனாலேதான் அதற்கு அந்த நாதம் வாய்த்தது என்றும் ஒரு கதை பலகாலம் வாத்தியக்காரர் வாய்களில் உலவியது. ஆதாரம் எவரும் காட்டியதில்லை. ஆயினும் கேட்பதற்கு இனிய கதை. விற்பதற்கு அதனினும் இனிய கதை.

இந்தப் பாரிஸ் புராணத்தின் மறுபக்கத்திலேதான் ஏளனம் பிறந்தது. முதலில் அதற்கு ஆளானவர்கள் யப்பானியர். 1950களிலும் 1960களிலும் ‘யப்பானிற் செய்தது’ என்ற சொற்றொடர் மேனாடுகளிலே மலிவுக்கும் போலிக்கும் மறுபெயராய் இருந்தது. யமஹா நிறுவனம் 1960களின் இறுதியிலே சாக்சபோன் செய்யத் தொடங்கியபோது அதைப் பொம்மை என்று நகைத்தவர் பலர். யமஹாவினர் யூஜீன் ரூசோ போன்ற அமெரிக்க வித்துவான்களை ஆலோசகராகக் கொண்டு, சுருதி சுத்தத்தையே முதற்கடமையாக வைத்து உழைத்தனர். ஒரு தலைமுறைக்குள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் பயமின்றிச் சிபார்சு செய்யும் வாத்தியம் யமஹாவாயிற்று. யப்பானின் யனகிசாவா வாத்தியங்களையோ இன்று எவரும் ஏளனஞ் செய்யத் துணியார்.

யப்பானைவிட்டு எழுந்த ஏளனம் அடுத்ததாகப் போய் அமர்ந்த இடம் தாய்வான்.

தாய்வானின் மத்திய பகுதியில், தாய்ச்சுங் நகரத்தின் வடபுறத்தில் ஹௌலி என்றோர் ஊர் இருக்கிறது. இன்று தாய்ச்சுங் மாநகரத்தின் ஒரு பிரிவாகிவிட்ட அவ்வூர், முன்னர் கரும்பாலைக்கும் குதிரைப் பண்ணைக்கும் பெயர்போன நாட்டுப்புறம். ஐம்பது ஆண்டுகள் யப்பானியர் ஆட்சியின்கீழ் இருந்த தீவு 1945இல் அதிலிருந்து விடுபட்டது. அக்காலத்தில் ஹௌலியில் சங்கீதப் பித்துக்கொண்ட சில இளைஞர் கூடி மேனாட்டு இசை வாசித்து வந்தனர். அவர்களிடையே ஒருவரிடம் மட்டும் சாக்சபோன் ஒன்று இருந்தது. அதை ஒரு தீ விபத்து விழுங்கிற்று. கருகிப்போன அந்த வாத்தியத்தைத் தன் வீட்டுக்கு எடுத்துச் சென்றவர் சாங் லியென்செங் என்பவர். அவர் உலோகத் தொழிலாளி அல்லர், சித்திரக்காரர். வாத்தியத்தை உறுப்பு உறுப்பாகக் கழற்றினார். ஒவ்வோர் உறுப்பையும் அளந்து சித்திரமாக வரைந்தார். பின்னர் அச்சித்திரங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தம் கையாலேயே செய்யத் தலைப்பட்டார். மூன்றாண்டு முயற்சியின் பின், 1940களின் பிற்பகுதியில், தாய்வானின் முதற் சாக்சபோன் பிறந்தது என்று அவ்வூரார் சொல்லுகின்றனர்.

இக்கதை எனக்கு மிகவும் பிடித்தது. கருகிய பிணத்தை அறுத்துப் பார்த்து உடற்கூற்றைக் கற்ற வைத்தியன்போல அவர் இருந்திருக்க வேண்டும். அச்சு வார்ப்புக்கோ, துளைகளை உள்ளிருந்து இழுத்து உயர்த்துவதற்கோ வேண்டிய கருவிகள் எவையும் அவ்வூரில் இருந்திரா. ஏட்டில் எழுதிய சாஸ்திரமும் இல்லை; குருவும் இல்லை. குழலின் கூம்பு எவ்வளவு விரிய வேண்டும் என்பதற்கு அவரிடமிருந்த ஒரே சாட்சி, நெருப்பில் நெளிந்த அந்தப் பித்தளைதான்.

லியென்செங்கிடம் தொழில் பயின்ற சீடர்கள் பின்னர் தனித்தனியே பட்டறை வைத்தனர். அவர்களிடம் பயின்றவர்கள் மேலும் பிரிந்தனர். இவ்வாறு ஒரு வீட்டில் தோன்றிய தொழில் ஊர்த் தொழிலாயிற்று. ஒரு வீட்டார் சாவிகளைச் செய்வர்; வேறொரு வீட்டார் தண்டுகளைக் கடைவர்; மற்றொரு வீட்டில் அணசின்மேல் பூவேலை பொறிப்பர்; எல்லாம் ஒரு பட்டறையிலே கூடி வாத்தியமாகும். 1980களில் அவ்வூரிலும் அயலிலும் முப்பதுக்குக் குறையாத பட்டறைகள் இருந்தன. உலகில் விற்பனையாகும் சாக்சபோன்களில் மூன்றில் ஒன்று தங்கள் ஊரிற் பிறந்தது என்று ஹௌலிவாசிகள் பெருமையோடு கூறுவர். அக்கணக்கு ஊர்ப்பற்றினால் சிறிது பெருத்திருக்கவும் கூடும். ஆனால் அக்காலத்து அமெரிக்கப் பாடசாலை வாத்தியக் குழுக்களுக்குச் சென்ற மலிவு வாத்தியங்களிற் பெருந்தொகை அத்தீவிலிருந்து போனது என்பதில் ஐயமில்லை.

போனது, பெயரின்றிப் போனது. அமெரிக்கக் கடைக்காரரும் ஐரோப்பியக் கடைக்காரரும் தத்தம் பெயரைப் பொறிக்கச் சொல்லி வாங்கினர். எல்கார்ட்டின் பழைய வழக்கம் கடல்கடந்து ஹௌலிக்கு வந்துசேர்ந்தது என்க. அணசின்மேல் ஓர் ஆங்கிலப் பெயரோ இத்தாலியச் சாயலுள்ள பெயரோ சுழியெழுத்தில் விளங்கும். பின்புறத்தில், வலக்கைப் பெருவிரல் தாங்கிக்குக் கீழே, தொடரிலக்கத்தின் அருகில், ‘தாய்வான்’ என்ற சொல் மிகச் சிறிதாக இருக்கும். அச்சொல்லைத் தேடிக் கண்டுபிடிப்பதில் அக்கால ஆசிரியர்கள் கைதேர்ந்தவர்களாயிருந்தனர்.

1990களின் முற்பகுதியில் நான் இலண்டனில் வாழ்ந்த காலத்தில் மாலை வகுப்பொன்றிற் சேர்ந்து சாக்சபோன் பயின்றேன். தவணை முறையிற் பணங்கட்டி வாங்கிய என் வாத்தியத்தில் ஒரு கடையின் பெயர் பொறித்திருந்தது. முதல்நாள், ஆசிரியர் என்னை ஊதச் சொல்லவில்லை. வாத்தியத்தை வாங்கிப் பின்புறம் திருப்பி அந்தச் சிறிய சொல்லைப் படித்தார். ஒரு புன்முறுவலுடன் திருப்பித் தந்தார். அதன்பின் பல வாரங்கள் என் சுருதி பிசகியபோதெல்லாம் அவர் என் உதடுகளைத் திருத்தவில்லை; வாத்தியத்தின்மேற் பழிபோட்டு அடுத்தவரிடம் போனார். அருகிலிருந்த ஒரு மாணவர் பிரெஞ்சு வாத்தியம் வைத்திருந்தார். அவருடைய சுருதி பிசகினால் மட்டும் ஆசிரியர் அவருடைய உதட்டைப் பார்த்துத் திருத்துவார். மலிவு வாத்தியம் வைத்திருந்த எங்கள் நால்வருக்கும் நேர்ந்த நட்டம் இதுவே: வாத்தியத்தைப் பற்றிய ஏளனத்தினால் கிடைக்க வேண்டிய பாடம் எங்களுக்குக் கிடைக்காமற் போயிற்று.

அவரை நான் முற்றிலும் குறைகூற மாட்டேன். அந்த ஏளனத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. அவ்வூரில் வாத்தியங்களைத் திருத்தும் முதியவர் ஒருவரிடம் நான் அடிக்கடி சென்றிருந்தேன். பட்டறை மேசையில் மூன்று தசாப்த காலத்து வாத்தியங்கள் திறந்த வயிற்றோடு கிடக்கும். 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் வந்த தாய்வான் வாத்தியங்களின் குறைகளை அவர் விரல்வைத்துக் காட்டுவார். சாவிகள் மென்மையான உலோகம். பிள்ளையின் கை பட்டாலே வளையும். தூண்கள் சரியாகப் பற்றுவைக்கப்படாமல் ஓரிரு ஆண்டில் பெயர்ந்து வரும். துளைகளின் விளிம்பு சமமாயிராது. அதன்மேல் எந்த மூடியை வைத்தாலும் கசியும். இப்படிப்பட்ட வாத்தியத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் அவர்கள் காற்றை வலிந்து ஊதி, தவறான பழக்கம் பழகி, ஈற்றில் தமக்குச் சங்கீதஞானமே இல்லையென்று எண்ணி விட்டுவிடுவார்கள். அத்தகைய வாத்தியங்களைப் பார்த்து வளர்ந்த ஆசிரியர் எங்ஙனம் மதிப்பார்?

ஆனால் அதே முதியவர் 1990களிலே வந்த சில வாத்தியங்களைத் திறந்து வைத்துக்கொண்டு வேறொன்று சொன்னார். “இவற்றைக் கெட்டவை என்று சொல்ல என் கை மறுக்கிறது” என்றார். சாவி உறுதியாயிருந்தது, தூண்கள் நேராய் நின்றன. குறையெல்லாம் இறுதிச் சீரமைப்பில் இருந்த அவசரந்தான். இரண்டு மணிநேரம் அவர் கைபட்டதும் என் வாத்தியம் அடிச்சுரம் வரையில் முயற்சியின்றிப் பேசிற்று. வித்துவான்களின் மனம் மாறியதற்கு விளம்பரக்காரரைக் காரணங்கூறுவோர் உளர். என் எண்ணம் வேறு. முதலில் மாறியவை இத்தகைய திருத்துநர்களின் கைகள். அவர்களிடம் வாத்தியத்தைக் கொண்டுவந்த தொழில்முறைக் கலைஞர்கள் இரண்டாவதாக மாறினர். ஆசிரியர்கள் கடைசியில் மாறினர். ஏளனம் மேலிருந்து கீழே இறங்கியது. மதிப்போ கீழிருந்து மேலே ஏறிற்று.

மலிவு வாத்தியம் பெருங்கலைஞனின் கையிற் சேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கு ஜாஸ் வரலாற்றிலேயே ஒரு சாட்சி உண்டு. 1950இல் இலண்டனில் ‘கிராப்டன்’ என்ற சாக்சபோன் விற்பனைக்கு வந்தது. அதன் உடல் பித்தளையன்று, வெண்ணிறப் பிளாஸ்ரிக். விலையும் பித்தளை வாத்தியத்தைவிடப் பெரிதும் குறைவு. 1953 மே 15ஆம் திகதி ரொறன்ரோவின் மாசி மண்டபத்தில் சார்லி பார்க்கர் வாசித்தது இந்த வாத்தியத்திலேதான். டிசி கில்லெஸ்பி, பட் பவல், சார்ள்ஸ் மிங்கஸ், மக்ஸ் ரோச் ஆகியோர் உடனிருந்த அக்கச்சேரியின் ஒலிப்பதிவை ஜாஸ் இரசிகர்கள் இன்றும் போற்றிக் கேட்கின்றனர். பிளாஸ்ரிக் என்று முன்னரே அறியாத ஒருவர் அந்த ஒலியிலிருந்து அதைக் கண்டுபிடிப்பாராயின் நான் அவரை வணங்குவேன். ஓர்னெட் கோல்மன் அதே வகை வாத்தியத்தை வாங்கியதோ பித்தளை வாங்கப் பணமில்லாமையால். 1959இல் ஜாஸ் உலகையே இரண்டாகப் பிளந்த அவருடைய இசை அந்த வெள்ளைப் பிளாஸ்ரிக்கிலிருந்து வந்தது.

இதற்கு ஒலியியல் அறிஞர் கூறும் காரணம் எளிது. சாக்சபோனில் ஒலிப்பது குழலின் சுவர் அன்று; உள்ளே அதிரும் காற்று. காற்றுத்தம்பத்தின் வடிவம், சீவாளி, ஊதுவாயின் உட்குடைவு, ஊதுபவரின் வாயும் தொண்டையும், இவையே நாதத்தைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன. உலோகத்தின் சாதியும் பூச்சின் நிறமும் வித்துவான்கள் நம்புமளவு செல்வாக்குடையவை அல்ல. எங்கள் மாலை வகுப்பிலும் ஒருநாள் இதைப் பரீட்சித்தோம். ஆசிரியர் சுவரைப் பார்த்து அமர, நாங்கள் மூவர் மூன்று வாத்தியங்களை மாற்றி மாற்றி ஊதினோம். எந்த வாத்தியம் எந்த நாட்டது என்று அவராற் கூற முடியவில்லை. ஆனால் ஊதியவர் யார் என்பதை ஒவ்வொரு முறையும் பிசகாமற் சொன்னார்! அதன்பின் அவர் எங்கள் உதடுகளையும் பார்க்கத் தொடங்கினார். அந்த வருடத்தின் எஞ்சிய பகுதியில் நான் கற்றது மிக அதிகம்.

இனி ஹௌலிக்குத் திரும்புவோம். ஆங்கே நிலைமை மாறியதற்கு நற்குணம் மட்டும் காரணமன்று, நெருக்கடியும் காரணம். 1990களில் சீனாவின் தியென்சின் முதலிய இடங்களிலே சாக்சபோன் தொழில் பெருகிற்று. அங்கே கூலி குறைவு. விலை அதனினும் குறைவு. தாய்வானியர் விற்ற விலையிற் பாதிக்கும் குறைவாகச் சீன வாத்தியம் கிடைக்கும்போது கடைக்காரர் எங்கே போவார்? ஹௌலியின் பட்டறைகள் பல மூடப்பட்டன; சில தாமே சீனாவுக்குப் பெயர்ந்தன. எஞ்சியவர்களுக்கு இருந்தது ஒரே வழி. மலிவிற் போட்டியிட முடியாதாகையால் தரத்திற் போட்டியிட வேண்டும்.

அங்ஙனமே செய்தனர். மூடிகளுக்கு இத்தாலியத் தோல்மெத்தைகளை வரவழைத்தனர். அரசாங்கத்தின் கைத்தொழில் ஆராய்ச்சி நிறுவனம் பட்டறைகளுக்கு உதவ முன்வந்து, செவியால் மட்டும் பார்த்துவந்த சுருதியைக் கருவியால் அளந்து காட்டிற்று. அமெரிக்காவின் கொன் நிறுவனம் 1940களின் இறுதிக்குள் கைவிட்ட ஒரு பழைய நுட்பத்தை, அதாவது துளையின் விளிம்பைக் கூராக விடாமல் வெளிப்புறமாகச் சுருட்டிவிடும் வேலையை, தாய்வானியர் மீண்டும் கையிலெடுத்தனர். செலவும் பொறுமையும் அதிகம் வேண்டிய வேலை அது. தோல்மெத்தை உருண்ட விளிம்பின்மேல் மெத்தென அமர்கிறது என்பர் அதை விரும்புவோர். நாதத்துக்கும் அதனால் நன்மை உண்டா என்பது வாதத்துக்குரியது. ஆயினும் பாரிஸ்காரர் விற்காத ஒன்றை ஹௌலிக்காரர் விற்கத் தொடங்கிய நாள் அதுவே.

2003இல் தோன்றிய ‘பி. மோரியா’ என்னும் தாய்வான் சின்னம் இந்த நுட்பத்தையே தன் அடையாளமாக்கிற்று. அதன் ‘66 ஆர்’ மாதிரி அமெரிக்க மேடைகளில் விரைவிற் பரவியது. ஜேம்ஸ் கார்ட்டர், கிரெக் ஒஸ்பி போன்ற முன்னணி ஜாஸ் கலைஞர்கள் அச்சின்னத்தின் வாத்தியங்களை வாசித்தனர். அதற்கு முன்னரே, 1996இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆரம்பமான ‘கனன்போல்’ நிறுவனம் தாய்வானிற் செய்த வாத்தியங்களைத் தன் ஊரிலே சீரமைத்து விற்றது; ஜெரால்ட் ஒல்பிரைட்டின் பெயரிலேயே ஒரு வரிசை வெளியிட்டது. 1930இல் தோன்றிய தாய்வானின் பழைய நிறுவனமொன்று ‘ஜூப்பிட்டர்’ என்ற பெயரில் பாடசாலை வாத்தியங்களை உலகெங்கும் அனுப்பி வந்தது. அந்தப் பெயருக்கும் ஆசிரியர்களிடையே நன்மதிப்பு உண்டாயிற்று. தொழில்முறைக் கலைஞர் பலர், விலைமதிப்புள்ள பழைய மார்க் 6 வாத்தியத்தை வீட்டில் வைத்துவிட்டுப் பிரயாணங்களுக்குத் தாய்வான் வாத்தியத்தைக் கொண்டுசெல்லத் தொடங்கினர். விமானத்தில் உடைந்தால் துக்கம் குறைவு என்பதே முதற்காரணம். பின்னர் ஊர் திரும்பியபின்னும் அதையே எடுத்து வாசித்தார்கள். மனமாற்றம் இப்படித்தான் வரும். கொள்கையாக வராது, வசதியாக வரும்.

மாற்றத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. இசைக்கல்லூரிப் பரீட்சைகளிலும் ஐரோப்பியச் சாஸ்திரீய சாக்சபோன் உலகிலும் பிரெஞ்சு வாத்தியத்தின் ஆட்சி இன்னும் அசையவில்லை. அது முழுவதும் தற்பெருமை என்று நான் சொல்லேன்; ஒரே வகை வாத்தியத்தில் நால்வர் சேர்ந்து வாசிக்கும்போது சுருதி இணக்கம் எளிதில் அமைகிறது. ஆனால் விற்கும்போது கிடைக்கும் விலையே பலரின் உண்மையான காரணம். பிரெஞ்சு வாத்தியம் பழகப் பழக விலை தாங்கும். தாய்வான் வாத்தியம் கடையைவிட்டு வெளிவந்ததும் பாதி விலை. செவி ஏற்றுக்கொண்ட பின்னும் சந்தை ஏற்க நெடுங்காலம் எடுக்கிறது.

இதனிடையே ஏளனம் தன் வீட்டை மறுபடியும் மாற்றிக்கொண்டது. இன்று அதே புன்முறுவல் சீன வாத்தியங்களை நோக்கித் திரும்பியிருக்கிறது. ‘சாக்சபோன் வடிவமான பொருள்’ என்று அவற்றைக் கேலிசெய்யும் வழக்கம் வாத்தியக்காரரிடையே உண்டு. அவற்றிலே பெரும்பாலான மலிவு வாத்தியங்கள் அக்கேலிக்கு உரியவையே. திருத்துநர்கள் மேசையில் ஏற்க மறுப்பவையும் உள. விநோதம் யாதெனில், இக்கேலியை உரத்துச் சொல்பவர்களிற் பலர் கையில் வைத்திருப்பது தாய்வான் வாத்தியம். அவர்களுடைய ஆசிரியர்கள் அதே வார்த்தைகளைத் தாய்வானைப் பற்றிக் கூறினார்கள். அவ்வாசிரியர்களின் ஆசிரியர்கள் யப்பானைப் பற்றிக் கூறினார்கள்.

விலையும் ஏறிவிட்டது. நல்ல தாய்வான் வாத்தியமொன்று இன்று பிரெஞ்சு வாத்தியத்தின் ஏறக்குறைய அரைப்பங்கு விலைக்கு விற்கிறது. மலிவு என்ற சொல் அதற்கு இனிப் பொருந்தாது. பணமில்லாத மாணவருக்கு அது எட்டாப் பொருளாகி வருகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். தாய்வானியர் கடைக்காரரின் பெயரை விட்டுத் தம் சொந்தச் சின்னத்தை நிறுவியபோது என்ன பெயர் இட்டார்கள்? பி. மோரியா என்பது, 2006இல் மறைந்த பிரெஞ்சு இசைக்குழு நடத்துநர் போல் மோரியாவின் பெயர். வாத்தியத்தை எல்லா வகையிலும் சிறப்பாகச் செய்தார்கள். அணசின்மேல் மட்டும் ஒரு பாரிஸ் பெயர் வேண்டியிருந்தது. இது வியாபார சாமர்த்தியம் என்று சிலர் மெச்சுவர். எனக்கு அதைப் பார்க்குந்தோறும் மனத்தில் ஒரு முள் உறுத்தும். கையின் திறமையை உலகம் ஏற்றுக்கொண்ட பின்னரும் கைக்குரியவரின் பெயரை ஏற்குமா என்ற ஐயம் செய்தவர்களுக்கே நீங்கவில்லை போலும்.

லியென்செங்கின் குடும்பத்தார் இன்றும் ஹௌலியில் வாத்தியம் செய்கின்றனர். மூன்றாந் தலைமுறையினர் தொழிலை நடத்துகின்றனர். பாட்டனாரின் பெயரில் ஒரு நூதனசாலையும் வைத்திருக்கிறார்கள். நாட்டின் நாலா பக்கத்திலுமிருந்து பாடசாலைப் பிள்ளைகள் அங்கே வந்து, பித்தளைத் தகடு சாக்சபோனாவதைப் பார்த்துச் செல்கின்றனர். அப்பட்டறையிலிருந்து வெளிவரும் வாத்தியங்களின் அணசிலே கடைக்காரரின் பெயரும் இல்லை, பிரெஞ்சுக்காரரின் பெயரும் இல்லை. ‘எல். சி.’ என்ற இரண்டு எழுத்துகள் பொறித்திருக்கின்றன. தீயிற் கருகிய வாத்தியத்தைச் சித்திரமாக வரைந்தவரின் பெயரைச் சுருக்கிய எழுத்துகள் அவை. பின்புறத்திலன்றி, பார்ப்பவர் கண்ணில் முதலிற்படும் இடத்திலே பொறித்திருக்கிறார்கள்.